பன்னிரண்டு கைப்பிடிகளுக்கு மூன்று கிலோ

“எனக்கு மூணு கிலோ வேணும்.”

திங்கட்கிழமை எடைக் கூட்டத்தில் இதை நான் சொன்னதும் பதினோரு காபிக் கோப்பைகள் மேசைக்கும் வாய்க்கும் நடுவே நின்றன. விமான மூக்குக் குழுவின் தலைவன் ஏவர்ட், ஏலக்காய் ரொட்டியைக் கடித்தவன், மென்று விழுங்க மறந்துபோனான். என் குழுத் தலைவன் போர்யே ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான். வெளியே நவம்பர் பனியும் சைக்கிள் நிறுத்துமிடமும்தான் இருந்தன.

நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே இதே போர்யே என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருந்தான்: “இங்க நீ என்ன வேணா கேக்கலாம், யில்வா. லீவு கேளு. புது நாற்காலி கேளு. ஜன்னலோர மேசை கேளு. எடை மட்டும் கேக்காதே. செத்தாலும் கேக்காதே.”

ஏன் கேட்கக் கூடாது என்றால், நாங்கள் செய்துகொண்டிருந்தது ஓர் இலகு ரகப் போர் விமானம். பழைய விமானத்தின் பாதி எடை. ஒரே இயந்திரம், ஒரே ஆள். ஆனால் அது எதிரி விமானத்தைத் துரத்த வேண்டும், கடலில் கப்பலை அடிக்க வேண்டும், போகிற வழியில் படமும் எடுத்துக்கொண்டு வர வேண்டும். மூன்று விமானங்களின் வேலையை அரை விமானம் செய்யும் என்று ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்தில் கை தூக்கி முடிவெடுத்துவிட்டார்கள். செய்து காட்ட வேண்டியது நாங்கள். அதனால் எங்கள் ஆலையில் கிராம்தான் கடவுள். திருகாணியின் தலையைச் சீவினார்கள். தகட்டில் ஓட்டை போட்டார்கள், ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டார்கள். யாராவது ஒரு கிலோ குறைத்தால் வெள்ளிக்கிழமை அந்தக் குழுவுக்குச் சரியாக ஒரு கிலோ எடையில் பச்சை நிற கேக் வரும். விமானம் இளைத்தது, பொறியாளர்கள் பெருத்தார்கள்.

“எவ்வளவு?” என்றார் சிக்ஸ்டன் வால்மார்க்.

எடை அலுவலகத்தின் தலைவர் அவர். அறுபத்தொரு வயது. ஆலைக்கு முன்மாதிரியாகத் தன்னையே குறைத்துக்கொண்டு வருகிறார் என்று பேச்சு, அவ்வளவு ஒல்லி. காது நன்றாகக் கேட்கும். இரண்டாவது முறை சொல்ல நான் கூச்சப்படுவேன் என்று நினைத்தார்.

“மூணு கிலோ. பன்னெண்டு கைப்பிடி, ஒண்ணுக்கு இருநூத்தம்பது கிராம். கணக்கு சரிதானே?”

“கணக்கு சரி. கேட்டதுதான் தப்பு.”

“தப்புன்னா எங்கே தப்புன்னு சொல்லு, சிக்ஸ்டன்.”

இயக்குநர் முதல் தரை கூட்டுபவர் வரை இங்கே எல்லாரும் எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவோம். சண்டைக்கு ரொம்ப வசதி. ஆனால் என்னைத் தவிர யாரும் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டதில்லை. அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பேருடைய அப்பாக்களும் இதே ஆலையில் பொறியாளர்களாக இருந்தவர்கள். எப்போது வாயை மூட வேண்டும் என்பதைத் தொட்டிலிலேயே கற்றவர்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் பக்கம் போன முதல் ஆள் நான். எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

விஷயம் இதுதான். போர் வந்தால் முதல் மணி நேரத்திலேயே ஓடுதளங்களெல்லாம் குண்டில் போய்விடும். அதனால் எங்கள் விமானம் காட்டுக்கு நடுவே நெடுஞ்சாலையில் இறங்கும். பத்து நிமிடத்தில் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏற்றப்போவது யார்? ஒரு மெக்கானிக், அவரோடு கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் ஐந்து பேர். பிப்ரவரி மாதம். உறைநிலைக்குக் கீழே இருபத்தைந்து டிகிரி. கையில் விரல் பிரியாத தடித்த கம்பளிக் கையுறை.

விமானத்தின் வயிற்றில், முன்சக்கரத்துக்குக் கொஞ்சம் பின்னால், மூன்று மூடிகள். அவற்றைத் திறந்தால்தான் எதையும் ஏற்ற முடியும். மூடிக்கு நான்கு தாழ்ப்பாள். அந்தப் பன்னிரண்டும் என் வேலை. நான் முதலில் வரைந்தது உள்ளங்கையால் பிடித்து இழுக்கிற கைப்பிடி. இரண்டு வருடத்தில் அதை வெட்டினார்கள், சீவினார்கள், குடைந்தார்கள். இப்போது அது ஒரு குரோனா நாணய அளவில் ஒரு பொத்தான். அமுக்கி, திருகி, நகத்தால் நெம்ப வேண்டும். கையுறையோடு முடியாது. கையுறையைக் கழற்றினால் விரலின் தோல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும்.

அந்த வரைபடத்தில் நான் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். வரைந்தவரின் கையெழுத்து இல்லாமல் எங்கள் பட்டறை ஓர் ஆணியைக்கூடத் தொடாது. போட்டால் பொத்தான் என் பெயரில் முப்பது வருடம் பறக்கும்.

“பசங்க பழகிக்குவாங்க” என்றார் சிக்ஸ்டன்.

“நீ திறந்து காட்டு. நாளைக்கு. உறைநிலைக்குக் கீழே இருபத்தைஞ்சுல.”

“இங்க ஏது அவ்வளவு குளிரு?”

“கேன்டீன்ல இருக்கு.”

*

செவ்வாய்க்கிழமை காலை நானும் போர்யேவும் ஒரு மாதிரி மூடியை அதன் இரும்புச் சட்டத்தோடு தள்ளுவண்டியில் வைத்து ஆலை முற்றத்தைக் கடந்தோம். வழியெல்லாம் போர்யே கெஞ்சிக்கொண்டே வந்தான்.

“மெதுவாப் பேசு யில்வா. சிரிக்காதே. யாராவது கேட்டா நாம சும்மா நடக்கிறோம்னு சொல்லு.”

“நாப்பது கிலோ தகட்டைத் தள்ளிக்கிட்டா?”

“உடற்பயிற்சின்னு சொல்லு.”

கேன்டீனின் உறைபதன அறை என்பது இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன வட துருவம். வியாழக்கிழமைக்கான பட்டாணி சூப் வாளி வாளியாக நின்றது. மேலே பாதி மான் ஒன்று தொங்கியது. மூடி நன்றாகக் குளிர ஓர் இரவு முழுக்க உள்ளே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் இன்னொரு மூடியை முந்தின நாள் மாலையே உள்ளே வைத்துவிட்டேன், போர்யேவிடம் சொல்லாமல். அதைச் சூப் வாளிகள் மேல் படுக்க வைத்திருந்ததைப் பார்த்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சிக்ஸ்டன் வந்தார். வடக்கே சேவை செய்துவிட்டு வந்த என் தம்பியின் கையுறைகளை அவரிடம் நீட்டினேன். அவருடைய மெலிந்த மணிக்கட்டுகளின் முனையில் அவை இரண்டு பூனைகளைப் போல உட்கார்ந்தன. நான் நிறுத்து கடிகாரத்தை அமுக்கினேன்.

முதல் நிமிடம் அவர் ரொம்பக் கண்ணியமாக இருந்தார். இரண்டாவது நிமிடம் பொத்தானைக் குத்தினார். மூன்றாவது நிமிடம் முழங்கையால் இடித்தார். நான்காவது நிமிடம், நாற்பது வருடம் ஆலையில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத சிக்ஸ்டன் வால்மார்க் பேசிய பேச்சில் மேலே தொங்கிய மானே திரும்பிப் பார்த்திருக்கும்.

“ஒண்ணு திறந்துச்சா?” என்றேன்.

“திறக்கப்போகுது.”

“இன்னும் பதினொண்ணு இருக்கு. விமானி மேல உக்காந்து காத்துக்கிட்டிருக்கான். ரஷ்யாக்காரனும்தான்.”

“சும்மா இரும்மா!” அவர் கையுறையைப் பல்லால் கடித்து உருவப் போனார். நான் தாவிப் பிடித்தேன். அவர் மூக்குக்கண்ணாடி உறைந்து வெள்ளையாகிவிட்டது. கண் தெரியாமல் ஒரு சூப் வாளியின் மூடியைப் பிடித்துத் திருகத் தொடங்கினார். அது உடனே திறந்துகொண்டது.

“ஹா!” என்றார்.

“அது பட்டாணி சூப்” என்றான் போர்யே, ரொம்ப மரியாதையாக.

நான் சிரித்தேன். போர்யேவும் சிரித்தான், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. இரும்புக் கதவு திறந்தது. சமையல்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“மூணு பேரும் வெளிய! படிச்சவங்கதானே? சூப்பு மேல விமானமா ஓட்டுறீங்க?”

வெளியே வந்து சிக்ஸ்டன் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நடுங்கினார். நல்ல மனிதர், பொய் சொல்ல வராது.

“திறக்காது” என்றார் கடைசியில். “ஒத்துக்கிறேன். ஆனா என்கிட்ட மூணு கிலோ இல்ல, யில்வா. முன்னூறு கிராம் கூட இல்ல. மொத்தக் கணக்கும் விளிம்புல நிக்குது. நீயே எங்கயாவது கண்டுபிடி. கண்டுபிடிச்சா எடுத்துக்க.”

*

மதியம் முழுக்கக் குழு குழுவாக ஏறி இறங்கினேன். யாரும் முடியாது என்று சொல்லவில்லை. அது எங்கள் ஊர் வழக்கமில்லை. காபி கொடுத்தார்கள். “சுவாரசியமான யோசனை” என்றார்கள். அதுதான் இங்கே முடியாது என்பதற்குச் சொல்.

ஏவர்ட் மட்டும் வேறு மாதிரி இருந்தான். “எங்ககிட்ட ஒண்ணுமில்ல. ஏதோ கொஞ்சம் குறைச்சோம், பெருசா ஒண்ணும் இல்ல” என்றான். காது மடல் வரை சிவந்தான். கையிலிருந்த பென்சிலை மேசையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான்.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். என் அப்பா தெற்கே ஸ்கோனேயில், பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை காய்ச்சும் ஆலையில், முப்பது வருடம் எடைமேடையில் நின்றவர். கிழங்கோடு மண்ணையும் கல்லையும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை ஒரு செத்த பன்றிகூட வந்தது. சீட்டில் எழுதியிருக்கும் எடையை அப்பா ஒருநாளும் நம்பியதில்லை. வண்டிக்காரன் காதைத்தான் பார்ப்பார்.

ஏவர்ட் எதையோ மறைக்கிறான். இதுவரைக்கும் எடைக் கணக்கு முழுவதும் ஒவ்வொரு குழுவும் தானே எழுதிக் கொடுத்ததுதான்; முழு விமானத்தை எடை போடுவது ஜனவரியில். அதற்குள் பையன் மூக்கில் எப்படியும் பத்துக் கிலோவைக் கூடுதலாக ஒளித்து வைத்திருப்பான். நான் மூன்று கிலோவுக்குப் பிச்சை எடுக்கிறேன், இவன் பத்துக் கிலோவைத் திருடியிருக்கிறான்! எனக்கு ஏறிய கோபத்தில் முற்றத்துப் பனி உருகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை எடைக்கூடத்துக்குப் போனேன். அங்கே மைக்கென்தான் ராணி. ஐம்பத்தைந்து வயது, உதட்டுக்கடியில் எப்போதும் புகையிலை, ஆலைத் தொழிற்சங்கத்தில் அவள் இருமினால் இயக்குநர் எழுந்து நிற்பார்.

“மைக்கென், முதல் விமானத்தோட மூக்குப் பகுதி உன் கூடத்துலதானே இருக்கு? அதை மேடையில ஏத்தணும்.”

“யார் சொன்னாங்க, தங்கம்?”

“யாரும் சொல்லல.”

“அப்ப ஏத்திரலாம்” என்றாள் மைக்கென். “யாராவது சொல்லியிருந்தா படிவம் கேட்டிருப்பேன்.”

பாரந்தூக்கி மூக்கைத் தூக்கி மேடையில் வைத்தது. ஏவர்ட் கொடுத்த கணக்கில் அது 212 கிலோ. நான் 222 எதிர்பார்த்துப் பேனாவை ஈட்டி மாதிரி பிடித்திருந்தேன்.

198.

“மேடை கெட்டுப்போச்சு” என்றேன்.

மைக்கெனுக்கு வந்ததே கோபம். அவள் அம்மாவை நான் திட்டியிருந்தால்கூட அப்படி முறைத்திருக்க மாட்டாள். மூக்கை இறக்கச் சொன்னாள். மரச்செருப்பைக் கழற்றினாள். தானே மேடையில் ஏறி நின்றாள்.

“தொண்ணூத்தொண்ணே கால். காலையில வீட்டுல பாத்தப்ப தொண்ணூத்தொண்ணு. கால் கிலோ இங்க வந்து தின்ன சாண்ட்விச். மேடை சரி.”

மறுபடி ஏற்றினோம். 198. பதினான்கு கிலோ குறைவு. பதினான்கு கிலோவைக் கூடுதலாக ஒளிக்கவில்லை. குறைத்துவிட்டு, குறைத்ததை ஒளித்திருக்கிறான்! பொய்யைப் பார்த்திருக்கிறேன், தனக்கு ஆதாயமில்லாத பக்கமாகப் பொய் சொன்ன ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்திருக்க மாட்டார்.

“றெக்கையையும் ஏத்து” என்றேன்.

ஒன்பது கிலோ குறைவு.

“சக்கரம்!”

எட்டு.

அதற்குள் கூடத்தில் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். ஒவ்வொரு பாகம் ஏறும்போதும் கத்தினார்கள், ஐஸ் ஹாக்கி பார்க்கிற மாதிரி. வால், ஆறு. எரிபொருள் குழாய்கள், நான்கு. மைக்கென் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டே போனாள். கூட்டிப் பார்த்தால் நாற்பத்தொரு கிலோ. அவள் என்னை இடுப்போடு தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“நீ எத்தனைடி தங்கம்? ஐம்பத்தாறு?”

“ஐம்பத்தெட்டு.”

“பாத்தியா, இவ ஒருத்திதான் இந்த ஆலையில நிஜ எடையைச் சொல்றவ!”

*

வெள்ளிக்கிழமை ஒன்பது மணி. அதே அறை, அதே பதினோரு பேர், புது ரொட்டி. நான் சுண்ணாம்பு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து உரக்கப் படித்தேன். வாழ்த்து எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். குழுத் தலைவர்கள் ஒவ்வொருவராகத் தலைகுனிந்தார்கள். கடையில் சோப்பைத் திருடிப் பிடிபட்டவர்கள்கூட இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார்கள்.

“ஏவர்ட்” என்றார் சிக்ஸ்டன். “ஏன்டா?”

“இருபத்தெட்டு கிலோ குறைச்சோம்” என்றான் ஏவர்ட், ரொட்டித் தட்டைப் பார்த்துக்கொண்டு. “அப்படியே சொன்னா மத்தவங்க என்ன நினைப்பாங்க? பீத்திக்கிறான்னு நினைப்பாங்க. அதான் பாதி சொன்னேன்.”

“நீ பதினாலுன்னு சொன்னதாலதான்டா நான் பத்துன்னு சொன்னேன்!” என்றான் றெக்கைக் குழுக்காரன். “உன்னைத் தாண்டிப் போனா உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு. நிஜத்துல பத்தொன்பது.”

“நாங்க பன்னெண்டு” என்றது சக்கரக் குழுவிலிருந்து ஒரு மெல்லிய குரல். “நாலுன்னு எழுதினோம். இருபத்தெட்டு கிலோவுக்கு கேக் வந்தா அதைத் தின்னு முடிக்கணுமே, அதுவும் ஒரு பயம்.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. போர்யே என்று நினைக்கிறேன். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. ஏவர்ட் மேசையில் நெற்றியை வைத்துக் குலுங்கினான். சிக்ஸ்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா நான் பிரதம மந்திரிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி மேசையில தயாரா வெச்சிருக்கேன்! நாப்பத்தொரு கிலோ கூச்சம்!” வெற்றி பெற்ற கால்பந்து அணிபோல இருந்தது அறை, நானும் அவர்கள் முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன்.

சிக்ஸ்டனின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“மூக்கு” என்றார்.

எல்லாருக்கும் உடனே புரிந்தது. எங்கள் விமானம் தானாக நேராகப் பறக்காது. வேண்டுமென்றே அப்படிக் கட்டியது. அப்போதுதான் சட்டென்று திரும்பும். கணினிதான் அதை நொடிக்கு நொடி பிடித்து நிறுத்துகிறது. எடை எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கணினிக்குச் சொல்லி வைத்தது ஏவர்டின் கணக்கு. மூக்கு அவ்வளவு லேசாக இருந்தால் வால் தாழும்.

சிக்ஸ்டன் பென்சிலால் ஏதோ போட்டுப் பார்த்தார். “மூக்கு நுனியில ஒன்பது கிலோ ஈயம் வெச்சாச் சரியாயிடும்.”

“ஈயமா?” என்றேன்.

“ஆமா.”

“சும்மா ஈயமா? ஒரு வேலையும் செய்யாத ஈயமா? அதுக்கு ஒன்பது கிலோ இருக்கு. விரல் உறையாம இருக்கறதுக்கு மூணு கிலோ இல்ல. அப்படித்தானே?” நான் எழுந்து நின்றுவிட்டேன். “என் மூடிங்க எங்க இருக்கு? முன்சக்கரத்துக்குப் பின்னால. கைப்பிடி மூணு கிலோவும் முன்பக்கம்தான் இறங்குது. அதை வை. ஈயம் எவ்வளவு போதும்?”

பென்சில் மறுபடி ஓடியது. “ஏழு.”

“அப்ப நான் கேக்கறது ஒரு கிலோ. நாப்பத்தொண்ணுல ஒரு கிலோ!”

“குடுத்தாச்சு” என்றார் சிக்ஸ்டன். மேசை முழுக்கத் தலைகள் ஆடின. எனக்கு மண்டைக்குள் யாரோ பலூன் ஊதிவிட்ட மாதிரி இருந்தது.

“மூணாவது விமானத்துலேருந்து” என்றார்.

“என்ன?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. “முதல் ரெண்டுக்கும் மூடியைப் பொத்தானுக்குத் தகுந்த மாதிரி வெட்டியாச்சு, யில்வா. ஆறு மூடி. திருப்பி வெட்ட மூணு வாரம். வெளியீட்டு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு. மந்திரி வர்றார். பேண்டு வாத்தியம் சொல்லியாச்சு.”

“நான் கையெழுத்தே போடல. எப்படி வெட்டினீங்க?”

“நீ போட்டுருவேன்னு நான்தான் பட்டறையில சொல்லி...” என்றான் போர்யே, அவனுக்கே கேட்காத குரலில்.

“ரெண்டு விமானம்தானே” என்றார் சிக்ஸ்டன். “ஒரே ஒரு குளிர்காலம்.”

“அந்த ஒரே ஒரு குளிர்காலத்துலதான் சாலையில இறக்கிப் பாக்கப்போறீங்க. பிப்ரவரியில. பத்து பசங்க. நீ நாலு நிமிஷத்துல ஒண்ணைத் திறக்கல, சிக்ஸ்டன். பல்லால கையுறையை உருவப் பாத்தே. நான் பிடிச்சேன். அவங்களை யாரு பிடிப்பா?”

கெட்டவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு கெட்டவனாவது இருந்திருக்கலாம்.

சிக்ஸ்டன் குறிப்பேட்டைத் திறந்து எங்கள் கூட்டங்கள் எல்லாம் முடிகிற விதத்தில் கேட்டார்: “ஒத்துக்கிறோமா?”

இதற்கு யாரும் ஆமாம் சொல்வதில்லை. நான்கு நொடி சும்மா இருந்தால் போதும். ‘ஒருமனதாக’ என்று எழுதிவிடுவார். நானும் அப்படிச் சும்மா இருந்து பல விஷயங்களை ஒருமனதாக முடித்திருக்கிறேன். ஒரு நொடி. இரண்டு நொடி.

“இல்ல” என்றேன்.

சிக்ஸ்டனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. “‘யில்வாவுக்கு ஒரு கருத்து இருந்தது’ன்னு போட்டுக்கட்டுமா?”

“‘இல்ல’ன்னு போடு.”

“அதைப் போட இதுல எடம் இல்லையேம்மா.”

“ஓரத்துல போடு.”

நான் பையிலிருந்து இரண்டு வரைபடச் சுருள்களை எடுத்தேன். ஒன்றை விரித்து நான்கு மூலையிலும் அவர்களுடைய காபிக் கோப்பைகளையே வைத்தேன்.

“இது கைப்பிடி. கீழே என் பேரு. காலையில ஏழு மணிக்கே போட்டுட்டேன், இங்க வர்றதுக்கு முன்னாடியே. நீங்க மூணு கிலோ குடுத்தாலும் சரி, குடுக்கலைனாலும் சரின்னு.” மற்றதை அதன் மேலேயே போட்டேன். “இது பொத்தான். கீழே காலி. இது பறக்கணும்னா இங்க யாராவது ஒருத்தர் என் எடத்துல பேரு எழுதுங்க. குழுன்னு எழுதக் கூடாது. ஒரே ஒரு ஆள், முழுப் பேரு, தெளிவான எழுத்துல.”

பேனாவைத் திறந்து மேசை நடுவில் வைத்தேன். பதினோரு பேர் அதைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு கிலோவுக்கே பெயர் சொல்லக் கூசியவன் ஏவர்ட். அவன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். றெக்கைக்காரன் தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனான்.

நான் கோட்டை மாட்டினேன். போர்யே எழுந்து எனக்கு வழி விட்டான். கடந்து போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். அடக்க முடியாமல் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

“எங்க போற?” என்றார் சிக்ஸ்டன்.

“பட்டறைக்கு. முதல் கைப்பிடியை இன்னிக்கே கடையச் சொல்ல.”

“விழா தள்ளிப்போனா நான் மந்திரிகிட்ட என்ன சொல்றது?”

“குளிர்ல பேண்டு வாத்தியக்காரன் உதடு வாத்தியத்தோட ஒட்டிக்கும்னு சொல்லு. அது அவருக்குப் புரியும்.”

“யில்வா! காபியாவது குடிச்சுட்டுப் போயேன்!”

கதவை நான் சாத்தவில்லை. பேனாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் யாரோ பத்திரமாகத் தள்ளுகிற சத்தம் நடைக்கூடம் வரைக்கும் வந்தது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படிகளில் இரண்டிரண்டாக இறங்கி, முற்றத்துப் பனியில் கால் வைத்து, பட்டறையை நோக்கி நடந்தேன்.